பாவல் பந்தலில் ஒரு கலயம்

"ஏட்டி தங்கபாயி, இத யாருட்டி கெட்டினது?"

நேசபாய் படலைப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். பங்குனியில் பாகற்காய் காய்த்துக் குலுங்கிய பாவல் பந்தலின் நடுவே, சுண்ணாம்பு பூசிக் கரும்புள்ளி குத்திய கண்ணேறு கலயம் ஒன்று தொங்கியது.

"நான் கெட்டல்ல அக்கா. விடியக்காலத்த தண்ணி கோர வந்தப்பமே கிடந்து" என்றாள் தங்கை.

"கலயம் கெட்டினா சபையை விட்டு விலக்கிருவேன்னு உபதேசியார் போன ஞாயிறு சொன்னது கேக்கல்லியா? பின்ன இராப்போஜனமும் கிடையாது, கல்லறையில இடமும் கிடையாது. அவரு ஆளும் தரமும் பாக்கமாட்டாரு."

"அவரு பந்தலுக்குள்ள வந்தா பாக்கப்போறாரு?"

"வருவாருட்டி. இப்பம் வருவாரு."

நேசபாயே கயிற்றை அறுத்தாள். வேலியில் நீலமாகப் பூத்துக் கிடந்த காட்டுச் சங்குப்பூக் கொடிக்குள் கலயத்தைத் திணித்து முடிப்பதற்குள் படலை திறந்தது. உபதேசியார் வந்துவிட்டார்.

"அப்பா!" என்று நேசபாயின் மகள் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

அவர் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகப் பந்தலுக்குப் போனார். அண்ணாந்து பார்த்தார்.

"நேசபாயி, இதுல கிடந்த கலயம் எங்க?"

"நீங்களா கெட்டினது?"

"மெதுவா பேசு, வேலிக்கு அங்கால ஆளு நிக்கும். போன வருசம் கண்ணேறு பட்டு ஒரு காயாவது மிஞ்சிச்சா?"

"அப்பம் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம்?"

"அது சபைக்குள்ளது" என்றார் உபதேசியார். "இது நம்ம பாவலுல்லா."