வால் முளைத்த சொற்கள்

இந்தக் காலத்தில் தெரிந்த வேலையைத் தெரிந்த மொழியில் செய்ய யாரையும் விடுவதில்லை. எத்தனையோ நோயாளிகளைத் தூக்கிக் கிடத்திய நர்ஸ் என் மருமகள். நாளை வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் வைக்கும் இங்கிலீஷ் தேர்வுக்காக என்னை நோயாளியாக்கிக் கட்டிலில் போட்டு வதைக்கிறாள். ஜன்னல் வெயில் கண்ணில் குத்துகிறது. "ரோல் ஓவர்" என்கிறாள். காலையிலிருந்து பட்ட பாட்டில் அது எனக்கே பாடமாகிவிட்டது; குப்புறப் புரள்கிறேன். "ஐயோ மாமா, சட்டைக் கையை மடிக்கச் சொல்ல வந்தேன். அதுக்கு ரோல் அப்." "சொல்லு ஒண்ணு, வாலு ஒன்பதா? எந்தப் பயல் ஒட்டிவிட்டான்?" என்று கிடந்தபடியே கேட்கிறேன். அவள் சிரிக்கவில்லை. "போன தடவை இதுலதான் கோட்டை விட்டேன் மாமா. இந்தத் தடவையும் போச்சுன்னா அவ்வளவுதான்." பிரஷர் பார்க்கும் கருவியின் ரப்பர் குமிழை அமுக்கி அமுக்கி விடுகிறாள், வெறுங்காற்று புஸ் புஸ்ஸென்கிறது. நான் நிமிர்ந்து படுக்கிறேன். "ரோல்..." என்று தொடங்கியவள் மீதியைத் தேடிக் கூரையைப் பார்க்கிறாள். அதற்குள் அவள் விரல்கள் என் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிடுகின்றன. "நோயாளி குணமாயிட்டான், வீட்டுக்கு அனுப்பு" என்று எழுந்து வாசலுக்கு நடக்கிறேன். கை செய்து முடித்ததை வாய் எதற்கு ஒப்பிக்க வேண்டுமாம்? உள்ளே அவள் தலையணையைப் புரளச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.