பதினாலு மாத்திரை

“பதினாலு நாளைக்குப் பதினாலு மாத்திரை. இன்னிக்கு எட்டாவது நாள்தான் ஆவுது. மீதி எங்க?”

காலி அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார் சுகாதாரப் பணியாளர் பிரதீபா. போலகம் ஊரில் அந்தத் தெருப் பக்கம் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடெல்லாம் அவர் பொறுப்பு. அவர் தலை தெரிந்தாலே தாய்மார்கள் மாத்திரை அட்டையைத் தேடுவார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பெனிட்டா இடுப்பிலிருந்த இரண்டு வயது மகன் அமலனை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

“ஒரு நாளைக்கு ரெண்டு குடுத்தியா?”

“இல்லக்கா. ஒண்ணுதான்.”

“அப்ப தூக்கிப் போட்டுட்ட. பேதி நின்னதும் மாத்திரை எதுக்குன்னு தோணியிருக்கும். நின்னாலும் பதினாலு நாளும் குடுக்கணும், இல்லன்னா திரும்ப வந்துடும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?”

“சொன்னீங்கக்கா.”

“ரெண்டு பாக்கெட் உப்புச் சர்க்கரைப் பவுடர் குடுத்தேனே, அது?”

“அதுவும் தீந்துடுச்சு.”

பிரதீபாவுக்குக் கோபம் ஏறிவிட்டது. சும்மா கொடுத்தால் மதிப்பே இருக்காது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

“நாளைக்கு உன் புள்ளைக்குத் திரும்பப் போனா யாரு பதில் சொல்றது?”

பெனிட்டாவுக்கும் அதே பயம்தான். ஒரு வாரமாக ஒவ்வொரு மாத்திரையையும் அந்தப் பயத்தோடுதான் பிரித்தாள்.

“பின் சந்துல சாக்கடைத் தண்ணி நிக்கிதுல்லக்கா, அங்க இருக்கிற முத்தமிழோட பொண்ணுக்கும் நீங்க மாத்திரை குடுத்த அன்னிக்கே வயித்தால போக ஆரம்பிச்சுடுச்சு. இவன் வயசுதான். கண்ணெல்லாம் உள்ள போயி, அழக்கூட தெம்பில்லாம கெடந்துச்சு. அதான் மாத்திரை, பவுடர் எல்லாத்தையும் பாதிப் பாதியாக் குடுத்துட்டேன். ரெண்டு புள்ளைங்களும் தேறிடுச்சு. மீதி ஏழு நாளைக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல.”

பிரதீபா குரலைச் சரிசெய்துகொண்டார்.

“அந்தப் புள்ளைக்கும் தனியா எடுத்துட்டுத்தான் வந்தேன். என்னமோ நான் போகாத மாதிரி பேசற.”

பையிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்துக் காட்டினார்.

“இங்க பாரு. தேதி போட்டு எழுதியிருக்கேன். வீடு பூட்டியிருந்துச்சு.”

பெனிட்டா அந்த வரியைப் படித்தாள்.

“அந்த வீட்டுக்கு ஏதுக்கா கதவு? வெறும் சாக்குதான தொங்குது.”