நம்மளப் பாத்துதான் வருது

“நம்மளப் பாத்துதான் வருது மாப்பிள!” என்று அடித்துச் சொன்னார் சுந்தரராஜ் வாத்தியார். சொல்லும்போது வானத்தில் அவருக்குச் சூரியனைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

உப்பளத்துக்கு அப்பால், தண்ணீர் வற்றி இறுகிக் கிடந்த கடற்கரை மணலில் இருவரும் நின்றிருந்தார்கள். மணலில் ஊன்றிய ஏரியல் கம்பு, அதன் காலடியில் பாட்டரிப் பெட்டி, அதிலிருந்து நீண்ட வயரின் நுனியில் ஒற்றைப் பொத்தான். பொத்தான் வாத்தியார் கையில் இருந்தது. விமானம் எங்கே என்பது கர்த்தருக்கே வெளிச்சம்.

வயர்லெஸ்ஸில் பறக்கும் அந்தப் பொம்மை விமானம் அவருடைய மச்சினன் ஏசுவடியானுடையது. கப்பலில் வயர்லெஸ் ஆபீசர் அவன். யுத்தம் முடிந்ததும் சீமைத் துறைமுகம் ஒன்றில் இஞ்சின் வாங்கி, போகிற வருகிற யாத்திரையிலெல்லாம் இழைத்து இழைத்துச் செய்தது. இன்றைக்குப் பொத்தானைத் தான் தொடாமல் அத்தான் கையில் கொடுத்துவிட்டான். வாத்தியார் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு தடவை அமுக்கினால் விமானம் வலப்பக்கம் திரும்பும், விட்டால் நேரே போகும், மறுபடி அமுக்கினால் இடப்பக்கம். ஆனால் அது நம்மை நோக்கி வரும்போது அதன் வலது நமக்கு இடதாகிவிடும். புதிதாகக் கற்பவர்கள் மண்ணைக் கவ்வுவது அங்கேதான்.

அதனால்தானோ என்னவோ ஏசுவடியான் கேள்வியாய்க் கேட்டுத் துளைத்தான். “எங்கன இருக்கு அத்தான்? நம்மளப் பாத்து வருதா, முதுகக் காட்டிட்டுப் போவுதா? எந்த ரெக்க தாந்திருக்கு?” வயர்லெஸ்காரன் பழக்கம், தலையைக் குனிந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

வாத்தியாருக்கு இது புதிதல்ல. வகுப்பில் பிரம்பும் கையுமாக நின்று அவர் கேட்காத கேள்வியா? விடை தெரிந்தவன்தானே கேள்வி கேட்பான்! விடை தெரியாத பையன்கள் செய்வதை அவரும் செய்தார். குத்துமதிப்பாக ஒன்றை அடித்துவிட்டார்.

“நம்மளப் பாத்துதான் வருதுன்னா கைய எடுத்துருங்க. நேரா வரட்டும்.”

எடுத்தார். இஞ்சின் சத்தம் மெல்லத் தேய்ந்தது.

“என்ன அத்தான், சத்தம் தள்ளிப் போவுதே?”

“காத்து அப்படி அடிக்கி. இந்தா, வந்துக்கிட்டுதான் இருக்கு.” முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய்.

காலைக் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது. சூரியனை விட்டு விலகி விமானம் அவர் கண்ணில் பட்டபோது, முதுகைக் காட்டிக்கொண்டு கடல்மேல் குண்டூசித் தலையளவில் போய்க்கொண்டிருந்தது. அமுக்கினார், விட்டார், மறுபடி அமுக்கினார். பொத்தானுக்குக் கட்டுப்படும் தூரத்தை அது எப்போதோ தாண்டியிருந்தது. சங்கு குளிக்கும் வள்ளங்களுக்கு அந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தது.

“மாப்பிள... கடல்ல விழுந்துட்டு.”

ஏசுவடியான் நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை. “விடுங்க அத்தான். தப்பு எம்மேலதான்” என்றான்.

அந்தப் பெருந்தன்மைதான் வாத்தியாரைக் கொன்றது. புறப்படும்போது மனைவி தேவகனி சொன்னது வேறு காதுக்குள் குடைந்தது. “லீவு முடிஞ்சும் எந்தம்பி கப்பலுக்குப் போகலங்கான். என்னன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கான். அந்தப் பிளேனப் பத்திப் பேசுனாத்தான் மொகத்துல சிரிப்பு வருது. பதனமாப் பாத்துக்கிடுங்க.”

பார்த்துக்கொண்ட லட்சணம் இது!

கரைக்கு வந்த வள்ளத்திலிருந்து சங்கு குளிக்கும் செபாஸ்டின் ஒற்றை இறக்கையைக் கொண்டுவந்து நீட்டினார். “இது ஒண்ணுதான் மெதந்துச்சு சார்வாள். மிச்சம் ஆழத்துக்குப் போயிட்டு.”

வாத்தியார் அதை வாங்கி மச்சினன் கையில் வைத்தார். ஏசுவடியான் கிழிந்த இடத்தையும் ஒடிந்த இடத்தையும் விரலால் தடவிக்கொண்டே இருந்தான், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைத் தடவுவதுபோல.

“வாங்க, வீட்டுக்குப் போவோம். அக்கா கேட்டா, நான்தான் விழ வச்சேன்னு சொல்லிருதேன்.”

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. பொய் சொன்ன பையன்களை வெயிலில் முட்டிபோட வைத்தவர் அவர். இப்போது அவர் நிற்பதும் அதே வெயிலில்தான்.

“மாப்பிள, எம் பழிய நீ சுமக்காத. பாவி நான்தான். நீ கேட்டப்போ பிளேன் எனக்குத் தெரியவே இல்லலே. வெயில் கண்ணக் கூசிட்டு. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, நம்மளப் பாத்து வருதுன்னு புளுகிட்டேன்.”

இறக்கையைத் தடவிய விரல்கள் நின்றன. ஏசுவடியான் முகத்தைத் திருப்பினான். அவன் பார்வை வாத்தியாரின் முகத்தில் படாமல், தோளைத் தாண்டி எங்கேயோ நின்றது.

“உங்களுக்குமா தெரியல அத்தான்?”