நன்றி அழைப்பு

குருதிக்கொடை என்பது முகமறியா இருவரை ஆயுளுக்கும் பிணைக்கும் தெய்வீகப் பாலம் என்று ரத்த வங்கி வாசலில் தங்க எழுத்தில் பொறித்திருந்தார்கள். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் பாலத்தைக் கடக்க முன்வராததால் விதி ஒன்று போட்டார்கள். கொடுத்தவருக்குப் போன் செய்து நன்றி சொன்னால்தான் வார்டின் கதவு திறக்கும்.

தனியாக வசித்த பூவராகன் அந்த அழைப்புக்காகவே வருஷக்கணக்காக ரத்தம் கொடுத்தார். ஒருவரும் அழைக்கவில்லை. அவருடையது அபூர்வ வகை. யாருக்கும் சேராமல் உறைபெட்டியிலேயே கிடந்தது.

போன வாரம் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக்காலோடு ஓடியவர் வழுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டார். அழைத்தது கிரெடிட் கார்டு விற்கும் பெண்.

பிழைத்து எழுந்ததும் நர்ஸ் ஜெசிந்தா ஆஸ்பத்திரிப் போனை நீட்டினாள். "ரத்தம் குடுத்தவருக்கு ஒரு நன்றி சொல்லிட்டுக் கிளம்புங்க சார்."

"யாரும்மா அந்தப் புண்ணியவான்?"

"நீங்கதான் சார். உங்க ரத்தத்தையேதான் உங்களுக்கு ஏத்தினோம்."

"அப்புறம் எதுக்கு போன்?"

"கதவுக்கு அதெல்லாம் தெரியாது சார். நாலு வார்த்தை பேசிடுங்க."

பூவராகன் ஆஸ்பத்திரிப் போனில் தன் எண்ணையே அழுத்தினார். அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. ஜெசிந்தா நாகரிகமாக விலகிப்போனாள். அவர் இரண்டு காதிலும் ஒவ்வொரு போனை வைத்துக்கொண்டார். நன்றி சொன்னார். பரவாயில்லை என்றார். சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்தார். ஆயிற்று என்று பொய் சொன்னார்.

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். "கதவு அப்பவே திறந்தாச்சு சார்."

லைனில் ஆள் இருப்பதாக அவர் கண்ணால் ஜாடை காட்டினார்.