தார் லாரியின் காது

விமான நிலையத்துக்குப் போகிற சாலை குண்டும் குழியுமாகிவிட்டது. காரணம், தார் லாரியின் காது. யார் அதிகம் கத்துகிறார்களோ அவர்களுக்குத்தான் தார் என்பது அதன் சட்டம். விமானம் போட்ட இரைச்சலில் தார் முழுக்க ஓடுபாதைக்கே போனது. ஓடுபாதை கண்ணாடி மாதிரி மின்னியது.

சாலையோரம் ரோடு ரோலர் சும்மா கிடந்தது. சக்கரத்தில் பூசணிக்கொடி ஏறிப் பூவும் விட்டாயிற்று. ஆனாலும் விமானம் எழும்பும்போதெல்லாம், "அடேயப்பா! இவ்வளவு கனம் எப்படித்தான் மேலே போகிறதோ!" என்று வாயைப் பிளக்கும்.

ஒருநாள் விமானம் எழும்பவில்லை. வேலியோரம் நின்று உறுமியது.

"என்ன அண்ணே, கிளம்பலையா?" என்றது ரோலர்.

"ஏற ஆள் வரவில்லையே. பஸ் எங்கேடா?"

"அதோ, அச்சு முறிந்து குழியில் கிடக்கிறது. ஜனங்கள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள்."

"நீ என்ன பிடுங்கினாய், தடியா?"

"தார் கேட்டுத் தொண்டை கிழியக் கத்தினேன் அண்ணே. உங்கள் சத்தத்தில் லாரிக்கு எங்கே கேட்கும்?"

தார் லாரி தூரத்தில் வந்துகொண்டிருந்தது. விமானம் இன்ஜினை அணைத்தது.

ரோலருக்கு மேனி சிலிர்த்தது. வானத்தையே அதிரவைக்கிற உருவம், தனக்காக மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறது! ரோலர் கத்தவே மறந்துபோனது.

"கத்தேண்டா!" என்றது விமானம், ரகசியமாக.

ரோலர் "டக், டக்" என்றது. லாரி சாலைப் பக்கம் திரும்பியது.

இப்போது பஸ் வழுக்கிக்கொண்டு வருகிறது. சாலையைப் போட்டது யார் என்று ரோலரைக் கேட்டால், அது அண்ணாந்து பார்த்துச் சொல்லும்: விமானம்.