மேடைக்கு மஞ்சள் ஆகாது

பகல் காட்சியோடு எங்கள் இசை நாடகம் முடிந்துவிட்டது. புவனோஸ் அயர்ஸின் இந்தச் சந்து அரங்கில் ஓவியத் திரையைச் சுருட்டுகிறார்கள். காலி நாற்காலிகளில் குளிர்கால வெயில் சாய்ந்து கிடக்கிறது. கடைசிவரை தவறாமல் வந்த ஒரே ரசிகர் அந்த வெயில்தான். மேடைக்கு மஞ்சள் ஆகாது, துரதிர்ஷ்டம் என்று, முதல் நாள் எல்லார் முன்னாலும் எங்கள் பாடகி தெல்ஃபினாவின் கழுத்துத்துண்டைப் பிடுங்கி எறிந்த இயக்குநர் நான்தான். கூட்டம் வராதபோதெல்லாம் அந்தத் துண்டைத் திட்டினேன். நான் எழுதிய பாட்டுகளை ஒரு நாளும் திட்டவில்லை. இப்போது அவள்தான் என் கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கையை நுழைக்கிறேன். கோட்டின் கிழிந்த உள்துணி வெளியே தொங்குகிறது, பளிச்சென்ற மஞ்சள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொள்கிறாள். “முதல் நாளே பாத்துட்டேன், டைரக்டரே. சொன்னா கோட்டையும் கழட்டி எறிஞ்சிருப்பீங்க. ஏற்கெனவே உங்களுக்கு இருமல் வேற.” நான் பொத்தான்களைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொள்கிறேன்.