பொத்தானில்லாத எக்காளம்

நிரம்பிய அரங்கில், மேல் ஜன்னல் வெயில் அக்காவின் கையிலுள்ள பழைய எக்காளத்தில் பட்டுத் தெறிக்கிறது. படை கிளம்ப ஊதிய காலத்து வாத்தியம் அது. பொத்தான்கள் வைத்த டிரம்பெட் வந்த பிறகுதான் இந்த ஊதுகுழல் இனம் ஆட்டப்பாட்டுக்கும் காதல் பாட்டுக்கும் தாராளமாகப் பழகியது. இதில் பொத்தானே கிடையாது. எல்லாச் சுரமும் உதட்டிலிருந்துதான் பிறக்க வேண்டும். அவளுடையதோ விபத்தில் கிழிந்து தைத்த உதடு. "வேணாம்க்கா, உன் டிரம்பெட்டையே எடுத்துக்கோ," என்கிறான் டிரம்ஸ் வாசிக்கும் தம்பி. "சும்மா இருடா, நீ தாளத்தைப் பாரு." முதலில் வெறும் காற்றுதான் வருகிறது. தம்பி தலை குனிந்துகொள்கிறான். பிறகு போர் முழக்கம் கூரையை முட்டுகிறது. அதையே வளைத்து, குழைத்து, இந்தக் காலத்து ஆட்டப்பாட்டாக்குகிறாள். உச்சச் சுரம் பிசிறில்லாமல் நிற்கிறது. கூட்டம் எழுந்துவிட்டது. அவள் கண்ணை மூடி, இன்னும் ஒரு சுரம் மேலே ஏறுகிறாள்.